கடைவாய்ப் புண்: கர்ப்ப காலத்திலும் பச்சை உடம்பிலும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவருக்குச் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கம், காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்துசேர இயலாதபோது இரத்தினாவதி என்னும் பெண்ணுக்கு இறைவனே தாய் வடிவில் வந்து பேறுகாலம் பார்த்தான் என்ற ஸ்தல புராணத்தை ஒட்டி ஏற்பட்டதென்பது இவ்வூர்க் குழந்தைகளும் அறிந்த செய்தி. பிள்ளைப்பேற்றை இத்தனை பயபக்தியோடு நோக்கும் ஒரு நகரத்தில், கர்ப்பிணியின் உதட்டோரத்தில் தோன்றும் சிறு வெடிப்பைப் பற்றி விசாரிக்கப் புகுவது மலையை விட்டு மடுவைப் பிடித்த காரியமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஐந்தாம் மாதத்தில் தோன்றி, பத்து நாளில் ஆறி, ஏழாம் மாதத்தில் திரும்பி வந்து, பிரசவத்துக்குப் பின் பால் கொடுக்கும் காலத்திலும் விடாமல் தொடர்ந்து, அடுத்த கர்ப்பத்தில் மறுபடியும் தலைகாட்டும் இந்த உபத்திரவத்தை அனுபவித்த பெண்கள் திருவரங்கத்து உத்தர வீதியிலும் உண்டு, உறையூர்ச் சந்திலும் உண்டு. அது ஏன் வருகிறது என்பதைக் காட்டிலும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

புண்ணின் தோற்றம்

முதலில் உதட்டின் இரு கோடிகளும், அதாவது மேலுதடும் கீழுதடும் சந்திக்கும் கடைவாய், நீரில் ஊறிய விரல் நுனியைப் போல் வெளுத்துச் சுருங்கும்; பிறகு அவ்விடத்தில் மெல்லிய கோடு ஒன்று கிழியும்; கிழிந்த இடத்தில் மஞ்சள் நிறப் பொருக்குத் தட்டும். சோற்று உருண்டை ஒன்றை வாய்க்குள் செலுத்த வாயைத் திறக்கும்போதோ, இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்த களைப்பில் கொட்டாவி விடும்போதோ, ஆறத் தொடங்கிய கோடு மீண்டும் கிழிந்து உதிரம் கசியும். ரசத்தின் மிளகும் குழம்பின் புளியும் பட்டால் எரியும். எரிச்சலைத் தணிக்க நாவால் நனைத்துக்கொள்ளத் தோன்றும். நனைத்த ஈரம் உலர்கையில் தோல் மேலும் வறண்டு வெடிக்கும். இவ்வாறு புண்ணே தன்னை வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழற்சி உண்டாகிவிடுகிறது. சிலருக்கு இதனோடு நாக்கும் வழவழவென்று சிவந்து, சுவை மங்கி, காரம் தாங்காததாகி விடுவதுண்டு. "வாய் வெந்து கிடக்கிறது" என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

ஆனால் உதட்டில் வருவதெல்லாம் இந்த ஒரு புண் மட்டுமன்று. உதட்டு விளிம்பில் கொத்தாக நீர்க்கொப்புளம் எழுவது வேறு. உதடு முழுவதும் தடித்துச் சிவந்து செதிலாக உரிவது வேறு. உட்புறத்தில் வட்டமாகக் குழி விழும் வெள்ளைப் புண் வேறு. இவை நான்கையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே களிம்பைத் தடவுவதனாலேயே பாதிச் சிகிச்சைகள் பலிக்காமற் போகின்றன.

உஷ்ணம் என்னும் விளக்கம்

வீட்டுப் பாட்டிமார்களிடம் கேட்டால், "உடம்புச் சூடுதான், வேறு ஒன்றுமில்லை" என்ற பதில் தயாராக வரும். கர்ப்பமே உஷ்ணம், பச்சை உடம்போ காற்றுப் பட்டாலே கெடுவது என்பது நம் சமூகத்தில் நெடுங்காலமாக ஊறிய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தின் விளைவாகக் கிடைக்கும் வைத்தியம் முழுவதும் தவறானதன்று. மணத்தக்காளிக் கீரையைச் சிறிது பருப்போடு வேகவைத்துத் தேங்காய்ப் பால் விட்டு இறக்கித் தருவதும், புண்ணின் மீது வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுவதும், காரத்தையும் புளியையும் சில நாள் விலக்குவதும் நோயாளிக்கு இதமளிப்பவையே. கீரை போஷாக்குத் தருகிறது. நெய்ப்பசை, எச்சில் தோலை அரிக்காதபடி காக்கிறது. காரம் விலகினால் எரிச்சல் குறைகிறது. உஷ்ணம் என்ற சொல்லுக்குள் நம் முன்னோர் திரட்டி வைத்திருந்தது அனுபவ ஞானம். அந்த ஞானத்தின் குறை, சூடு தணிந்தால் போதும் என்று அது நின்றுவிடுவதும், சூடு ஏன் மீண்டும் மீண்டும் ஏறுகிறது என்று கேளாமலிருப்பதுமே ஆகும்.

குன்னூரும் கொழும்பும்

இப்புண்ணைப் பற்றிய நவீன ஆராய்ச்சியின் பெரும்பகுதி, மேல்நாட்டில் விளைந்து நமக்கு இறக்குமதியான சரக்கன்று. நம் ஏழை மக்களின் வாயைப் பார்த்தே அது எழுதப்பட்டது. இலங்கையில் கொழும்பு நுண்ணுயிரியல் நிலையத்தின் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ் 1930களின் முற்பகுதியில், தவளைத் தோல் போன்ற சொரசொரப்போடும் வாய்ப்புண்ணோடும் வந்த எளிய மக்களைக் கணக்கெடுத்து, ஆகாரக் குறைவே இதற்கு மூலம் என்று எழுதினார். நீலகிரியிலுள்ள குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வாலஸ் ஐக்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936இல், தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட கடைவாய்ப் புண்ணை வைட்டமின் பி2 குறைவோடு இணைத்துக் கட்டுரை வெளியிட்டனர். இரண்டாண்டு கழித்து, அமெரிக்காவில் ஸீப்ரெல், பட்லர் என்ற இரு மருத்துவர்கள், அந்தச் சத்து நீங்கிய ஆகாரத்தைப் 18 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்கு உதட்டோரம் வெடித்ததையும், ரிபோஃப்ளேவின் என்னும் அந்தச் சத்தைக் கொடுத்தபின் அது ஆறியதையும் பிரத்தியட்சமாகக் காட்டினர். மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்த பெண்களை வைத்து நடத்திய அத்தகைய சோதனையை இன்றைய தர்மம் அனுமதிக்காது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளின் கதை இதற்குச் சற்று முன்பே ஆரம்பமாகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, துணியாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகைக் கடுஞ்சோகையை ஆராயத் தொடங்கி, குன்னூரிலும் பணிபுரிந்து, மலிவான ஈஸ்ட் சாரமாகிய மார்மைட்டைக் கொடுத்தால் அந்தச் சோகை தீர்வதை 1931இல் உலகறியச் செய்தார். அதில் அடங்கியிருந்த சத்துத்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. வாய்ப்புண்ணும் கழிச்சலும் தேகக்ஷீணமும் சேர்ந்து வாட்டும் ஸ்ப்ரூ என்ற நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவரும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவருமான எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆராய்ச்சிக் குழு 1940களில் அந்த அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுவே. அக்காலத்தில் எருசலேம் நகரத்து மருத்துவர்களும், பின்னர் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளரும், கர்ப்பிணிகளிடத்தும் பாலூட்டும் தாய்மாரிடத்தும் ரிபோஃப்ளேவின் குறைவைத் தனியே ஆராய்ந்திருக்கின்றனர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் மஹ்தாப் பாம்ஜியும் அவரைச் சேர்ந்தோரும் செய்த ஆராய்ச்சிகள், வாய்ப்புண்ணுக்குப் பி2 மட்டுமே பொறுப்பாகாது, பி6 குறைவும் உடன் நிற்கக்கூடும் என்று நம் அறிவை மேலும் நுட்பமாக்கின.

இரத்தத்தின் வறுமை

வாயின் உட்தோல், உடம்பின் பல பகுதிகளைக் காட்டிலும் விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. புதுப்பிக்க வேண்டிய இடத்தில் இரும்பும் பி வகைச் சத்துகளும் குறைந்தால், பழுது முதலில் வெளிப்படுவதும் அங்கேதான். கர்ப்பிணியின் உடம்போ, வளரும் சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் பெருகும் இரத்தத்துக்கும் ஒரே சமயத்தில் சத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது. பிரசவத்தின்போது உதிரம் இழக்கிறது. பிறகு பாலின் வழியாக மேலும் கொடுக்கிறது. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று கொள்வது மருத்துவ மரபு. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினரும், தமிழ்நாட்டில் 48.3 சதவீதத்தினரும் சோகையுற்றவர்கள். நூற்றில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு உள்ள குறையை அபூர்வ ரோகம் என்று சொல்ல இயலாது.

மசக்கையின்போது சாம்பலையும் திருநீற்றையும் பச்சரிசியையும் பல்பத்தையும் ஒளித்து ஒளித்துத் தின்னும் பழக்கத்தை நாம் வேடிக்கையாகப் பேசுகிறோம். இரும்புச் சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்புண்டு என்பது மருத்துவர் அறிந்ததே. கடைவாய்ப் புண்ணும் இந்த ஆசையும் ஒருங்கே காணப்படுமானால், களிம்பைத் தேடுமுன் இரத்தத்தைச் சோதிப்பதே விவேகம்.

மாத்திரை இல்லாத குறையன்று. அது உள்ளே போகாத குறையே பல வீடுகளில் உண்டு. கர்ப்ப காலத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்பு மாத்திரை உட்கொள்ளவேண்டும் என்பது அரசின் திட்டம். ஆனால் மலம் கறுக்கிறது, சிக்குகிறது, குமட்டுகிறது என்று சிலர் நிறுத்துகின்றனர். குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற ஆதாரமற்ற அச்சத்தால் சிலர் தொடுவதேயில்லை. பிள்ளை பிறந்ததும் வேலை முடிந்ததென்று பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். உட்கொள்பவர்களிலும் காலைக் காப்பியோடு விழுங்குகிறவர் உண்டு. காப்பியும் தேநீரும் இரும்பை உடம்பு ஏற்பதைத் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் சேர்க்கலாகாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். டிகிரி காப்பியில் பொழுது விடியும் திருவரங்கத்தில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சொன்னாலே பல மாத்திரைகள் வீணாகாமல் பிழைக்கும்.

பத்தியத்தின் இரு முகங்கள்

பிரசவித்தவளுக்கு நம் வீடுகளில் இடும் பத்தியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். குழையவிட்ட சோறு, அதில் நெய்யோடு அங்காயப்பொடி, கண்டந்திப்பிலி ரசம், பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம், காலையில் ஓமமும் சுக்கும் மிளகும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய பிரசவ லேகியம் ஒரு நெல்லிக்காயளவு. மாமிசம் உண்ணும் குடும்பங்களில் பால்சுறாப் புட்டு. ஜீரணத்துக்கு இதமாகவும் பசியைத் தூண்டுவதாகவும் அமைந்த இந்த ஏற்பாட்டில் பரிவும் அறிவும் இருக்கின்றன. அங்காயப்பொடியிலேயே சுண்டைக்காயும் மணத்தக்காளி வற்றலும் வேப்பம்பூவும் உண்டு.

ஆனால் இலையில் விழாதவற்றையும் பார்க்கவேண்டும். தயிரும் மோரும் குளிர்ச்சி, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று விலக்கப்படுகின்றன, கீரை சேராது, பழம் ஆகாது, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அதற்கும் அளவு. சைவ உணவு மட்டுமே உண்ணும் ஒரு திருவரங்கத்துக் குடும்பத்தில் ரிபோஃப்ளேவினுக்கும் பி12க்கும் பிரதான ஊற்று பாலும் தயிரும் மோருமே என்பதை நினைவில் கொண்டால், இந்த விலக்கின் பொருள் விளங்கும். அமெரிக்க நிபுணர்களின் கணக்குப்படி சாதாரணப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.1 மில்லிகிராம் ரிபோஃப்ளேவின் வேண்டும், கர்ப்பிணிக்கு 1.4, பாலூட்டுபவளுக்கு 1.6. கூடுதலாக வேண்டிய அரை மில்லிகிராமை ஏறத்தாழக் கால் லிட்டர் பால் ஈடுகட்டிவிடும். தேவை உச்சத்தில் நிற்கும் நாற்பது நாட்களில் அந்தக் கால் லிட்டரைத்தான் பத்தியத்தின் பெயரால் நாம் குறைத்துவிடுகிறோம். கஞ்சியை வடித்துக் கொட்டுவதால் நீரில் கரையும் சத்துகள் கரைந்தோடுவதும், வெளிச்சத்தில் வைத்த பாலில் ரிபோஃப்ளேவின் அழிவதும் இதனோடு சேர்கின்றன. தாயின் ஆகாரத்தில் இச்சத்துக் குறைந்தால் தாய்ப்பாலிலும் அது குறையும் என்பதால், நட்டம் தாயோடு நிற்பதில்லை.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியத்திலும் முசிறியிலும் விளைந்து காந்தி மார்க்கெட்டில் குவியும் வாழை, 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில் அமைவதற்கே காரணமாயிருக்கும் அளவுக்கு இம்மண்ணுக்கு உரியது. பி6 அதில் கணிசமாக உண்டு. தெய்வத்துக்குத் தாராக நேர்ந்து கொடுக்கும் அதே பழத்தைப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் குளிர்ச்சியென்று மறுப்பதற்கு நியாயம் கிடையாது. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவும் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச் சத்து டானிக்கும் இருக்கின்றன. அவை அந்தப் பெண்ணின் வாய்க்கே போகின்றனவா, வீட்டுக் குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் பங்காகின்றனவா என்பதை வீட்டாரே அறிவர்.

பிற காரணங்கள்

ஆகாரக் குறையில்லாத பெண்ணுக்கும் உதடு புண்ணாகலாம். கடைவாயில் தேங்கும் ஈரத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சையும் சில நுண்கிருமிகளும் குடியேறிக்கொள்ளும். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். டாக்டர் வி. சேஷையா முன்னின்ற முயற்சியின் பயனாகத் தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை பார்க்கும் வழக்கம் வந்தது; 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனம் வேண்டும். ஆறாத கடைவாய்ப் புண்ணுள்ள கர்ப்பிணி அந்தச் சோதனையைத் தவறவிடலாகாது. குழந்தையின் நாக்கில் தயிர் படிந்தாற்போல் வெண்படலமும் தாயின் மார்க்காம்பில் எரிச்சலும் தோன்றினால், பூஞ்சை இருவரிடமும் இருக்கக்கூடும். இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை செய்யவேண்டும்.

கொத்துக் கொப்புளமாக எழுந்து, முதல் நாள் சுருக்கென்று குத்தி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் வருவது ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸின் வேலை. ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டதென்று சொல்வாரும், அக்கியென்று கருதிக் குயவர் வீட்டில் செங்காவியால் எழுதுவிக்கச் செல்வாரும் உண்டு. காய்ச்சலும் வெயிலும் உறக்கமின்மையும் அதை எழுப்பும். பெரியவர்களுக்கு அது ஒரு வாரத் தொல்லை. பிறந்த சிசுவுக்கோ பிராணாபத்து. ஆகையால் உதட்டில் கொப்புளமுள்ள தாயும் தந்தையும் பார்க்க வரும் உறவினரும், அது முற்றிலும் உலரும்வரை குழந்தையை முத்தமிடலாகாது. மார்பில் புண்ணில்லாவிடில் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. கையைச் சோப்பால் கழுவுதல் முக்கியம்.

வெளியிலிருந்து படுபவை இன்னொரு வகை. மசக்கைக்கு இதமென்று மாங்காயைத் தோலோடு கடிக்கையில் காம்பிலிருந்து வடியும் பால் உதட்டைப் புண்ணாக்கிவிடும். பிரசவித்தவளுக்கு நாள்தோறும் மடித்துத் தரும் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும். பற்பசையின் லவங்கப்பட்டையும் புதினாவும், உதட்டுச் சாயத்தின் வாசனைப் பொருளும், உதட்டுத் தைலமுமே ஒவ்வாமை உண்டாக்கக்கூடும். வாந்தியின் அமிலமும், மூக்கடைத்து வாயால் மூச்சு விடுதலும், திருச்சியின் கத்திரி வெயிலும், அதையடுத்துக் காவிரி மணலை வாரியிறைக்கும் ஆடிக்காற்றும் உதட்டை உலர்த்திவிடும்.

திரும்ப வருதல் காட்டும் வழி

இத்தனை காரணங்களில் எது என்று தெளிவதற்குப் புண் திரும்பி வரும் வேளையே சிறந்த சாட்சி. ஒரு பக்கம் மட்டும், அதே புள்ளியில், கொப்புளமாக வருமானால் வைரஸை நினைக்கலாம். இரு கடைவாயிலும் ஒரே சமயத்தில், நாக்கெரிச்சலோடும் சோர்வோடும் வருமானால் இரத்தத்தையும் ஆகாரத்தையும் பார்க்கவேண்டும். உதடு முழுவதும் அரித்து உரிந்தால், கடந்த வாரம் எந்தப் புதுப் பொருள் வாயருகே வந்தது என்று கேட்கவேண்டும். களிம்பு தடவினால் ஆறி, நிறுத்தினால் திரும்புமானால், பூஞ்சையோ சர்க்கரையோ உள்ளே மறைந்திருக்கலாம். ஆறாம் மாதம், பத்தியத்தின் மூன்றாம் வாரம், மாதவிலக்கு மீண்ட காலம் என்று நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு செல்லும் பெண், புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போனாலும் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போனாலும், பாதி நோய்நிதானத்தைத் தானே செய்துகொண்டு போகிறாள்.

சிகிச்சை எளிது: உதட்டை நனைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடுதல், வாசனையற்ற வாஸலினைத் தடவுதல், பூஞ்சையிருந்தால் மருத்துவர் சொல்லும் களிம்பு, குறையுள்ள சத்தை ஆகாரத்தாலும் மாத்திரையாலும் நிரப்புதல். வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பைத் தாமாகவே கடையில் வாங்கிப் பூசுதல் கூடாது. மூன்று வாரமாகியும் ஆறாத, கட்டிப்பட்ட புண்ணும், குறிப்பாகப் புகையிலை போடுவோரிடத்தில், உடனே காட்டவேண்டியது. உதடு திடீரென்று வீங்கி மூச்சுத் திணறினாலும், வாயோடு கண்ணும் தோலும் சேர்ந்து புண்ணானாலும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

பிரசவத்துக்குப் பின் செவிலியர் வீட்டுக்கு வரும்போது குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். தாயின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. ஆறாவது வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி சோதிப்பதும், 180 நாள் மாத்திரையை முடிப்பதும், பாலும் தயிரும் கீரையும் அவள் இலையிலும் விழுவதும் ஒழுங்காக நடக்கும் குடும்பத்தில், இரண்டாவது பிள்ளைத்தாய்ச்சி காலத்துக் கடைவாய்ப் புண் பெரும்பாலும் குறையும். அவ்வாறு நடவாத வீட்டில் இரண்டாம் கர்ப்பத்தில் அது திரும்பி வந்தால், அதைப் புது நோயென்று எண்ணுவதைவிட, முதல் பிரசவத்தில் அவள் உடம்பு கொடுத்ததை வீடு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எண்ணுவதே பெரும்பாலும் பொருந்தும்.